சாவியைத் திருகினால் கிளம்பணும்

“நம்பர் சேருதா?”

பழைய கார்கள் கூடும் ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூ ஓரமாக என் பழைய கார்வெட்டை நிறுத்தினால் அரை மணிக்குள் யாராவது வந்து இதைக் கேட்டுவிடுவார். எஞ்சினில் அடித்திருக்கும் எண்ணும் காரின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று அர்த்தம். கேட்டுக்கொண்டே குனிந்து, எஞ்சினில் பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்ன இரும்புத் திட்டைக் கண்ணால் தேடுவார். நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்: சேராது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர்களில் யாரோ ஒருவர் பிறவி எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏதோ ஒரு பிக்கப் வண்டியில் இருந்த 350 கன அங்குல எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டார். கேட்டவர் முகம் வாடிவிடும். ஜாதகம் பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் காபியை மட்டும் குடித்துவிட்டு எழுந்துகொள்வார்களே, அதுபோல, கலரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

எனக்கு அதில் வருத்தமே கிடையாது. எண் சேர்ந்திருந்தால் அந்த விலைக்கு எனக்குக் கிடைத்திருக்காது. கிடைத்திருந்தாலும் ஒரு போல்ட்டைத் தொடுவதற்குள் கை நடுங்கியிருக்கும். சேராததால்தான் இதை ஓட்டுவதற்கான காராக மாற்ற முடிந்தது.

கார் 1974 செவர்லே கார்வெட். செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில் அந்த மாடல் வருடத்தில் செய்த 37,502 வண்டிகளில் ஒன்று. நீல நிறம், நான்கு கியர், தலைக்கு மேல் இரண்டு பலகையாகக் கழற்றக்கூடிய டி-டாப். 2017 அக்டோபரில் டொலிடோ பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையிலிருந்து 11,500 டாலருக்கு வாங்கி, மிச்சிகனுக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஓட்டிக்கொண்டு வரும் நிலையில் அது இல்லை.

வாங்கப் போனபோது பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. கார்வெட்டின் உடம்பு ஃபைபர் கிளாஸ், துருப்பிடிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சட்டைக்குள்ளே இருப்பது இரும்பு எலும்பு. முன் கண்ணாடியையும் கதவுகளையும் சுற்றி ஒரு இரும்புக் கூடு இருக்கிறது, பறவைக்கூண்டு என்பார்கள். கண்ணாடி ஓரம் கசிந்து தண்ணீர் உள்ளே இறங்கினால் அது சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கும், வெளியே பளபளவென்று நீலம் மின்னிக்கொண்டிருக்கும். கால் வைக்கும் இடத்துப் பக்கவாட்டு அட்டைகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் சேஸிஸ் மேலே வளையும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். ‘டங்’ என்று கேட்டால் நல்லது, ‘தொப்’ என்று கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடணும். டங் என்றது.

முதல் பிரச்சினை சாவியில்தான். ஒருநாள் திருகினால் கிளம்பும், மறுநாள் ஒரு ‘டிக்’ சத்தத்தோடு சரி. பேட்டரி மாற்றினேன், ஸ்டார்ட்டர் மாற்றினேன். டிக். கடைசியில் சீட்டைக் கழற்றியபோதுதான் கதை தெரிந்தது. 1974 மாடல் கார்களில் சீட் பெல்ட் போடாமல் ஸ்டார்ட் ஆகாது, அமெரிக்க அரசு விதி. சனங்கள் கொதித்துப்போனார்கள். அந்த வருடம் முடிவதற்குள் காங்கிரஸே சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டது. அந்தக் கோபத்தில் யாரோ என் காரின் ஒயர்களை வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டிருக்கிறார். அந்த ஒயர் நாற்பது வருடத்துக்குப் பிறகு எனக்கு டிக் சொல்கிறது! ஒழுங்காகச் சால்டர் வைத்து மூடினேன். பிறகு ஃபைபர் கிளாஸ் காருக்கே உரிய இன்னொரு தொல்லை: உடம்பு வழியாக மின்சாரம் திரும்பிப் போகாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் ஒயர் வேண்டும். அதில் ஒரு முனை துருப்பிடித்தாலும், பிரேக்கை மிதித்தால் வேறெங்கோ விளக்கு மங்கும். ஒரு வார இறுதி முழுக்க எர்த் முனைகளைச் சுரண்டியே கழிந்தது.

பெரிய பாடம் சூட்டில் கிடைத்தது. முதல் கோடையில் ஐ-94 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். ஊருக்குள் நன்றாக இருந்த கார், 65 மைல் வேகத்தில் மெதுவாகக் கொதிக்க ஆரம்பித்தது. முள் 230 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. நின்று நின்று போகும்போது கொதித்தால் ஃபேன் சரியில்லை என்று நினைக்கலாம். காற்று முகத்தில் அடிக்கும்போது கொதித்தால்?

நான் எல்லோரும் செய்வதையே செய்தேன், பணத்தை வீசினேன். அலுமினிய ரேடியேட்டர், புதுத் தெர்மோஸ்டாட், புது வாட்டர் பம்ப், புது ஃபேன் கிளட்ச். எண்ணூறு டாலருக்கு மேல் போச்சு. முள் 225.

பக்கத்து வீட்டுப் பெரியவர், கார் தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர், ஒருநாள் மாலை வந்து முன்பக்கம் முட்டிபோட்டு உட்கார்ந்தார். காற்று எங்கே உள்ளே போகிறது, காட்டு என்றார். நான் மூக்கில் இருந்த கிரில்லைக் காட்டினேன். சிரித்துவிட்டார். இந்தக் கார் மூக்கால் மூச்சு விடாது. மூக்கு தாழ்வாகவும் கூர்மையாகவும் இருப்பதால் ரேடியேட்டருக்கு வேண்டிய காற்றில் பெரும்பகுதி அடியிலிருந்துதான் வரும். அதற்காகவே பம்பருக்குக் கீழே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தடுப்பு தொங்கும். ஓடும்போது அது காற்றை மறித்து மேலே திருப்பி விடும். அப்படி மேலே வந்த காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு தப்பித்துப் போகாமலிருக்க நான்கு பக்கமும் ரப்பரும் ஸ்பாஞ்சுமாக அடைப்புகள். என் காரில் அந்தத் தடுப்பு இல்லை. பார்க்கிங் கட்டையில் உரசுகிறது என்று யாரோ கழற்றியிருக்க வேண்டும். அடைப்புகளும் இல்லை, மக்கி உதிர்ந்திருக்கும். அலுமினிய ரேடியேட்டருக்குக் காற்றே போகாவிட்டால் அது வெறும் அலுமினியம்.

தடுப்பும் அடைப்பு செட்டும் சேர்த்துத் தொண்ணூறு டாலருக்குள் வந்தது. மாட்ட ஒரு மதியம். முள் 190-இல் நின்றது, இன்றுவரை அங்கேதான் நிற்கிறது. பழைய ரேடியேட்டரே போதுமாக இருந்திருக்கும் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எதையாவது மாற்றணும் என்று கை அரித்தால், முதலில் 1974-இல் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று பார்ப்பேன். இதற்கு எனக்குக் கைகொடுத்தது யார் தெரியுமா? நம்பர் சேருதா என்று கேட்கிற அதே கூட்டம். அவர்களுக்கு 1974-இலேயே தொடங்கிய தேசிய சங்கம் ஒன்று இருக்கிறது. போட்டிக்குக் காரைக் கொண்டுபோனால் நடுவர்கள் ஹோஸ் கிளிப்பின் வடிவம், தொழிற்சாலையில் சாக்பீஸால் கிறுக்கிய அடையாளம் வரைக்கும் பார்த்து மார்க் போடுவார்கள். 94 சதவீதம் எடுத்தால்தான் முதல் தரம். என் கார் அந்த வாசலிலேயே தோற்றுவிடும். ஆனால் எந்த அடைப்பு எங்கே, எந்தப் பக்கம் திரும்பி இருக்கணும் என்று அவர்கள் எழுதி வைத்திருக்காவிட்டால் நான் இன்னும் ரேடியேட்டர் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அப்படிப் பார்த்ததில் திரும்பி வந்த இன்னொரு பொருள், சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேல் இருக்கும் குரோம் மூடி. பலர் அழகுக்கு என்று நினைத்துக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இரும்பு பானெட்டாக இருந்தால் ஸ்பார்க்கின் ரேடியோ இரைச்சலை அதுவே ஓரளவு மறித்துவிடும், ஃபைபர் கிளாஸ் மறிக்காது. மூடி இல்லாமல் ஏ.எம். ரேடியோ போட்டால் ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப வண்டு ரீங்காரம் கேட்கும். எட்டு சிலிண்டர் வண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் ஏதோ பழமைவாதி என்று நினைத்துவிட வேண்டாம். கியர்பாக்ஸை மாற்றினேன், கொஞ்சமும் கூச்சமில்லாமல். நான்கு கியர், 3.36 விகித ஆக்ஸில், 27 அங்குல உயர டயர். கணக்குப் போட்டால் 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 சுற்று சுற்றும். 1974-இல் நாடு முழுக்க 55 மைல் வரம்பு கொண்டுவந்தார்கள், அப்போது இது போதும். இப்போது மிச்சிகன் நெடுஞ்சாலையில் 55-இல் போனால் லாரிக்காரர்களே ஹார்ன் அடிப்பார்கள். டிரெமெக் டி.கே.எக்ஸ். என்ற ஐந்து கியர் பெட்டி போட்டேன். ஐந்தாவது கியரின் விகிதம் 0.68. அதே வேகத்தில் 2,000 சுற்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. பழைய மெக்கானிக்கல் ஸ்பீடோ கேபிளையும் இதில் மாட்டலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல், டாஷ்போர்டைத் தொட வேண்டியதில்லை. பழைய பெட்டி எண்ணெய் தடவிய துணியில் சுற்றி கராஜ் மூலையில் இருக்கிறது. கழற்றியது எதையும் நான் விற்கவில்லை.

இக்னிஷனிலும், ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் பழைய பாயின்ட்டை எடுத்துவிட்டேன், ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றவில்லை. இந்த வருடக் காரில் எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் கேபிளில்தான் சுற்றுகிறது, அடுத்த வருடம்தான் அதை மின்சாரத்துக்கு மாற்றினார்கள். எல்லோரும் போடுகிற பெரிய எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் முள் செத்துவிடும். பழைய கூட்டுக்குள்ளேயே பொருந்துகிற மாட்யூல் ஒன்று போட்டேன்.

இனி பின்பக்கம். இதைப் பற்றி எழுதுவதற்கே கை வலிக்கிறது.

பின் சக்கரங்களைத் தாங்கும் நீண்ட கைகள் இரண்டு, டிரெய்லிங் ஆர்ம். ஒவ்வொன்றின் முன்முனையும் சேஸிஸுக்குள் ஒரே ஒரு நீள போல்ட்டில் தொங்குகிறது. அந்த போல்ட், புஷ்ஷின் நடுக்குழாயோடு சேர்ந்து துருப்பிடித்து ஒரே இரும்பாகிவிடும். நட்டைக் கழற்றலாம், போல்ட் அசையாது. துரு எண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்டேன். சூடு காட்டினேன். நாலு ராத்தல் சுத்தியலால் அடித்தேன், கராஜ் கதவு அதிர்ந்ததே தவிர போல்ட் கண்கூடச் சிமிட்டவில்லை. பிறகுதான் தெரிந்தது, இதற்கு ஒரே வழி மின்ரம்பம்தான் என்று. ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இடைவெளியை நிரப்பும் ஷிம் தகடுகள் இருக்கும். அந்த இடுக்கில் பிளேடை விட்டு, இரண்டு பக்கமும் போல்ட்டை அறுக்கணும். படுத்துக்கொண்டு, முகத்துக்கு நேராக. இடது பக்கத்துக்கு நான்கு பிளேடு, வலது பக்கத்துக்கு ஏழு. இரண்டு சனிக்கிழமை. கடைசி நூலிழை அறுந்து ஆர்ம் தொப்பென்று கீழே விழுந்தபோது நான் போட்ட சத்தத்தில் மகள் ஓடிவந்து, “அப்பா, அடிபட்டுடுச்சா?” என்றாள்.

திரும்ப மாட்டும்போது ஸ்டெயின்லெஸ் ஷிம், ஸ்டெயின்லெஸ் போல்ட், உள்ளே தாராளமாக ஆன்டி-சீஸ் பசை. அடுத்த முறை கழற்றப்போகிறவன் என்னைத் திட்டக்கூடாது.

சக்கர பேரிங்கையும், பிரேக் பிடிக்கும் வட்டத் தகடான ரோட்டரையும் வெளியே ஒரு பட்டறையில் கொடுத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். தொழிற்சாலையில் ரோட்டரை ஹப்போடு சேர்த்து ரிவெட் அடித்து, ஒன்றாகவே கடைந்திருப்பார்கள். ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டுப் புது ரோட்டரைச் சும்மா சொருகினால், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கோணல் வரும். பட்டறைக்காரர்கள் அளக்கவில்லை. வீட்டுக்கு வந்து இருபது மைல் ஓட்டினேன், பெடல் பஞ்சாகிவிட்டது. பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுத்தேன், சரியானது. இன்னொரு முப்பது மைல், மறுபடி பஞ்சு. ஒரு சொட்டு பிரேக் ஆயில்கூட எங்கும் ஒழுகவில்லை. பேயா பிசாசா?

பேயெல்லாம் இல்லை. இந்தக் காருக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க், ஒவ்வொரு காலிப்பரிலும் நான்கு பிஸ்டன். ரோட்டர் கோணலாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனை லேசாகத் தள்ளித் தள்ளி விடும். பிஸ்டன் சீலின் விளிம்பு, ஆயிலை வெளியே விடாது, ஆனால் அந்த ஆட்டத்தில் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். சைக்கிள் பம்ப் மாதிரி. கோணலை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன்: இடது பின்பக்கம் அங்குலத்தில் ஆயிரத்தில் 11 பங்கு கோணல். 5-க்குக் கீழே இருக்கணும். ரோட்டரைக் கழற்றி, துளைகளை ஒவ்வொன்றாக மாற்றி மாட்டிப் பார்த்து, மெல்லிய ஷிம் கொடுத்து 2-க்குக் கொண்டுவந்தேன். பெடல் கல் மாதிரி ஆனது. அந்த டயல் கேஜின் விலை முப்பது டாலர். பட்டறைக்குக் கொடுத்ததை எழுத மனமில்லை.

டயர்? வாங்கும்போது பள்ளம் பள்ளமாக அருமையான பூவோடு இருந்தன. பக்கவாட்டில் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2304. அதாவது 2004-இன் 23-ஆவது வாரம். பதின்மூன்று வயதுக் கிழவர்கள். மறுபேச்சில்லாமல் எறிந்தேன்.

மூடிக்கிடக்கும் முகப்பு விளக்குகள் எஞ்சின் உறிஞ்சும் வேக்யூமில்தான் எழும்பும். அடியில் ஹோஸ் காடு. எங்கோ ஒரு பொடி கசிவு இன்னும் இருக்கிறது, அதனால் வலது கண் உடனே திறக்கும், இடது கண் யோசித்துத் திறக்கும். மின் மோட்டார் செட் கிடைக்கிறது, வாங்க மாட்டேன். மகளின் தோழிகள் வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்பதே அந்தக் கண் திறப்பதைத்தான்.

பெயின்ட் அடிக்கவில்லை. நீலத்தில் ஆங்காங்கே மெல்லிய வெடிப்புகள். பின் பம்பர் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு இரண்டு துண்டாக இருக்கும். அந்தக் கோடு 1974-க்கு மட்டுமே உண்டு, மறு வருடம் ஒரே துண்டாகிவிட்டது. கோடில்லாத பம்பர் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று பலர் சொல்லிவிட்டார்கள். சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

நம்பர் பிளேட்டிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. மிச்சிகனில் பழைய கார்களுக்கென்று ‘ஹிஸ்டாரிக்’ பிளேட் உண்டு, செலவு குறைவு. ஆனால் அதைப் போட்டால் கண்காட்சி, ஊர்வலம், கிளப் நிகழ்ச்சி என்று போகலாமே தவிர, இஷ்டத்துக்கு ஓட்ட ஆகஸ்ட் மாதம் மட்டும்தான் அனுமதி. நான் சாதாரண பிளேட்டே வாங்கினேன். செவ்வாய்க்கிழமை பால் வாங்கப் போவதற்கும் இதை எடுக்கணும் என்றுதானே இவ்வளவு பாடும்.

போன வருடம் செப்டம்பரில் நானும் மனைவியும் கென்டக்கியின் பௌலிங் கிரீனுக்குக் கிளம்பினோம். 1981-இலிருந்து கார்வெட் பிறக்கும் ஊர், எதிரிலேயே அருங்காட்சியகம். ஐ-75-இல் சின்சினாட்டி, அங்கிருந்து லூயிவில், பிறகு ஐ-65. ஒரு பக்கம் ஏறக்குறைய 480 மைல். ஐந்தாவது கியரில் எஞ்சின் முனகிக்கொண்டே வந்தது, பேசினால் கேட்டது. தரையில் ஒட்டிய சூட்டுத்தடுப்பு மெத்தையால் கால் வேகவில்லை. முன்னெல்லாம் அரை மணி ஓட்டினால் ஷூ அடிப்பாகம் தோசைக்கல்.

அருங்காட்சியகத்தில் 2014 பிப்ரவரியில் தரை உள்வாங்கி எட்டு கார்களை விழுங்கிய இடத்தைப் பார்த்தோம். கார்வெட்டைக் கார்வெட்டாக்கிய பொறியாளர் சோரா அர்குஸ்-டன்டாவின் அஸ்தியும் அங்கேதான் இருக்கிறது. மனைவி அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

வெளியே வந்து சாவியைத் திருகினேன். கிளம்பவில்லை. டிக் இல்லை, எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. சூடான எஞ்சினை நிறுத்தினால் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்துவிடும், எத்தனால் கலந்த இந்தக் காலத்துப் பெட்ரோலில் இன்னும் மோசம். ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்கிப் பிடித்துக்கொண்டு பத்து வினாடி சுற்றினேன். கறுப்புப் புகையோடு பிடித்துக்கொண்டது. கார்புரேட்டருக்கு அடியில் தடிமனான கேஸ்கெட் போடணும் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

எலிசபெத்டவுன் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. டி-டாப் ரப்பரை மட்டும் நான் மாற்றியிருக்கவில்லை, விலை அதிகம், மழையில் யார் ஓட்டப்போகிறார்கள் என்று விட்டிருந்தேன்.

“ஏங்க, என் பக்கம் சொட்டுது.”

லூயிவில் வரைக்கும் ஒரு துண்டை மடித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டு வந்தாள். பாலம் ஏறும்போது துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டாள்:

“அந்த ரப்பர் என்ன விலைன்னு சொன்னீங்க?”